டிம் டங்கன் ஆட்டம் சலிப்பானதா?

"ஜோர்டன், கோபி, லெப்ரான் ஆட்டத்தைப் பார்த்தால் அவர்கள் ஏன் பெரிய ஆட்டக்காரர்கள் என்று ஒரு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது. டிம் டங்கன் வீடியோக்களைப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஏன் அவரை அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் தலைசிறந்த பவர் ஃபார்வர்டு என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். (பவர் ஃபார்வர்டு என்றால் பெரும்பாலும் கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆட்டக்காரர்.) பத்து வினாடி வீடியோவில் டங்கன் தெரிய மாட்டார். அவரைப் பார்க்க ஒரு முழு ஆட்டம் வேண்டும், முடிந்தால் ஒரு முழு சீசன்.

எண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 1997 முதல் 2016 வரை 19 சீசன், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற ஒரே அணி. 1999, 2003, 2005, 2007, 2014 என ஐந்து பட்டங்கள். 2002, 2003 இரண்டு ஆண்டும் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது மூன்று முறை. வழக்கமான சீசன்களில் மட்டும் 26,496 புள்ளிகள், 15,091 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 3,020 பிளாக்குகள் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது). அவர் ஆடிய 19 ஆண்டிலும் பட்டத்துக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃபுக்கு ஸ்பர்ஸ் போனது. முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடந்த சம்பளத் தகராறால் 1998-99 சீசன் வெறும் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. அந்த ஒரு சீசனைத் தவிர மற்ற எல்லா சீசனிலும் அணி 50 ஆட்டமாவது ஜெயித்திருக்கிறது.

சரி, எண்களைப் பார்த்து யாரும் ஒரு ஆட்டக்காரர்மேல் ஆசைப்படுவதில்லை. அதனால் அவருடைய ஒரே ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்வோம்.

கூடைக்கு இடப்பக்கம், பன்னிரண்டு பதினைந்து அடி தூரம். டங்கன் அங்கே பந்தை வாங்குகிறார். கூடையைப் பார்த்துத் திரும்பி, பந்தை இரு கையாலும் பிடித்தபடி ஒரு கணம் நிற்கிறார். ஒரு காலை மட்டும் அரை அடி முன்னால் வைக்கிறார். உள்ளே பாயப்போகிறார் என்று நினைத்து எதிராளி அரை அடி பின்வாங்குகிறார். அந்த அரை அடி போதும். பெரிதாக எகிறாமல், தலைக்கு மேலிருந்து பந்தை விடுகிறார். பந்து நேராகக் கூடைக்குப் போகாமல், வளையத்துக்குப் பின்னால் இருக்கும் போர்டில் வரைந்திருக்கும் சதுரத்தின் மேல்முனையில் பட்டு, வேகம் குறைந்து, வளையத்துக்குள் விழுகிறது. பக்கவாட்டில் சுமார் 45 பாகைக் கோணத்தில் நிற்பவருக்குப் போர்டு பெரிய துணை. பந்தின் வேகத்தை அது வாங்கிக்கொள்கிறது. கொஞ்சம் கூடக்குறைய அடித்தாலும் பெரும்பாலும் உள்ளே போய்விடும். அந்தத் தலைமுறையில் பலர் இதைப் பழைய காலத்து ஷாட் என்று ஒதுக்கிவிட்டார்கள். டங்கன் 19 ஆண்டும் அதையே அடித்தார். எதிரணிக்கு இது வரப்போகிறது என்று நன்றாகவே தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

மாலையில் சில பிள்ளைகளுக்கு நான் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். போர்டில் பட்டு விழும் ஷாட் என்றாலே புதிதாகக் கற்பவர்கள் அடிப்பது என்று நினைத்து முகம் சுளிப்பார்கள். அப்போதெல்லாம் டங்கன் வீடியோவைத்தான் போட்டுக் காட்டுவேன். அவருக்கு 'தி பிக் ஃபண்டமென்டல்' என்று பெயர் வைத்தவர், அவரோடு பல ஆண்டு முட்டி மோதிய ஷக்கீல் ஓநீல். அடிப்படைகளை இவ்வளவு சுத்தமாக ஆடும் பெரிய ஆள் என்று எதிராளியே கொடுத்த பட்டம் அது.

இந்த ஆள் கூடைப்பந்துக்கு வந்ததே ஒரு புயலால்தான். டங்கன் பிறந்தது 1976 ஏப்ரல் 25, கரீபியன் கடலில் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான சென்ட் க்ராய். வீட்டில் எல்லோருக்கும் நீச்சல். அக்கா ட்ரிஷா 1988 சியோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர். தம்பியும் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அதே பாதையில் போய்க்கொண்டிருந்தார். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் தீவைப் புரட்டிப் போட்டது. அங்கிருந்த ஒரே ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம் நாசமானது. கடலில் பயிற்சி செய்யலாம் என்றார்கள். சுறாவுக்குப் பயந்த பையனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அடுத்த ஏப்ரலில், அவருடைய 14-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அம்மா அயோனி மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். பிள்ளைகள் எப்படியும் கல்லூரிப் படிப்பை முடிக்க வேண்டும் என்று அவர்களிடம் வாக்கு வாங்கியிருந்தார் அந்த அம்மா. இந்த வாக்கு பின்னால் வருகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தைக் கையில் கொடுத்தவர் இன்னொரு அக்காவின் கணவர். கல்லூரி அளவில் ஆடியவர். மைத்துனன் ஏழடிக்கு ஓரங்குலம் குறைவாக வளர்ந்து நிற்பான் என்று அவர் நினைக்கவில்லை. அதனால் உயரமில்லாதவர்கள் ஆடும் ஆட்டத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார். பந்தைத் தட்டிக்கொண்டு போவது, கூடையைப் பார்த்து நின்று ஆடுவது, பாஸ் போடுவது எல்லாம் அங்கே வந்ததுதான். டங்கன் கடைசிவரை அணிந்த 21-ஆம் எண்ணும் அந்த அக்கா கணவரின் கல்லூரிக்கால எண்தான்.

அப்புறம் தீவுக்கு வந்த ஒரு குழுவோடு நடந்த ஆட்டத்தில், என்.பி.ஏ.வுக்குள் நுழைந்துகொண்டிருந்த அலோன்சோ மோர்னிங்கை எதிர்த்து இந்தப் பதினாறு வயதுப் பையன் தாக்குப்பிடித்தான். அந்தக் குழுவில் இருந்த வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆட்டக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பித் தன் கோச் டேவ் ஓடமிடம் சொன்னார். ஓடம் தேடி வந்தார்.

வேக் ஃபாரஸ்டில் இரண்டு ஆண்டிலேயே டங்கன் என்.பி.ஏ.வுக்குத் தயார். 1995-லேயே வெளியே வந்திருந்தால் முதல் சில இடங்களுக்குள் எடுத்திருப்பார்கள், கோடிக்கணக்கில் பணம் கிடைத்திருக்கும். அவர் போகவில்லை. அம்மாவிடம் கொடுத்த வாக்கு. நான்கு ஆண்டும் இருந்து உளவியலில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். அங்கே படித்தபோது பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து ஓர் ஆய்வு நூலில் ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். அளவுக்கு மீறிய தற்பெருமையை மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது பொருள். இருபது வயதில் அதை உட்கார்ந்து யோசித்த ஒருவர், பிறகு 19 ஆண்டு கோடிக்கணக்கான பேர் பார்க்கும் மேடையில் எப்படி நடந்துகொண்டார் என்பதை அதோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும்.

1996-97 சீசனில் ஸ்பர்ஸின் பெரிய ஆட்டக்காரர் டேவிட் ராபின்சன் காயத்தால் ஆறே ஆட்டங்கள் ஆடினார். அணி 62 ஆட்டம் தோற்றது. அந்தத் தோல்விதான் அதிர்ஷ்டமாக மாறியது. புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பதை வரைவு என்பார்கள். மோசமாகத் தோற்ற அணிகளுக்கு அதில் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அந்த வரிசைக்கான குலுக்கலில் பாஸ்டனுக்கு வாய்ப்பு அதிகம் இருந்தும் முதலிடம் ஸ்பர்ஸுக்கு விழுந்தது. டங்கன் வந்தார். முதல் சீசனிலேயே சராசரியாக 21 புள்ளி, கிட்டத்தட்ட 12 ரீபவுண்டு. 20 வெற்றியில் கிடந்த அணி 56 வெற்றிக்குப் போனது. அடுத்த ஆண்டே நியூயார்க் நிக்ஸை 4-1 என வென்று ஸ்பர்ஸுக்கு முதல் பட்டம். ராபின்சன் அதற்கு முன்பே லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். இருந்தும் இந்த இளைஞனுக்கு நடு இடத்தை விட்டுக்கொடுத்து ஒதுங்கி நின்றார். டங்கன் பெருந்தன்மையைக் கற்றது ராபின்சனிடம் என்பேன்.

2000-ல் எல்லாம் கைவிட்டுப் போயிருக்கும். முழங்கால் காயத்தால் பிளேஆஃப் ஆட முடியாமல் போன டங்கன், அந்தக் கோடையில் ஆர்லாண்டோ மேஜிக் பக்கம் சாயும் அளவுக்கு வந்துவிட்டார். கடைசியில் சான் அன்டோனியோவிலேயே தங்கினார்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை டங்கனின் பெரிய திறமை போர்டு ஷாட்டும் இல்லை, பிளாக்கும் இல்லை. எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிக்கொள்ளும் பக்குவம்தான்.

கோச் கிரெக் பாப்பவிச் கோபக்காரர். டைம் அவுட்டில் அவர் முகம் சிவந்து கத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கத்தலில் டங்கனுக்கு விலக்கு கிடையாது. இரண்டு முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்று விருது வாங்கியவரை, நேற்று வந்த பையன்கள் முன்னால் வைத்துத் திட்டுவார். டங்கன் எதிர்த்துப் பேச மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் மாட்டார். கேட்டுக்கொண்டு போய் ஆடுவார். நட்சத்திரத்தையே கோச் இப்படிப் பேசலாம் என்றால் அணியில் வேறு யார் முறைத்துக்கொள்ள முடியும்? அந்த அணியில் ஆடியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். வரைவில் 28-வதாக எடுத்த டோனி பார்க்கர், 57-வதாக எடுத்த மனு ஜினோபிலி இரண்டு பேரும் பாப்பவிச்சிடம் கடுமையாக வாங்கிக் கட்டிக்கொண்டே வளர்ந்தவர்கள். டங்கனோடு சேர்ந்து இந்த மூவரும் ஆடிய வழக்கமான சீசன் ஆட்டங்களில் 575 வெற்றி.

டங்கனை வரைவில் எடுத்ததும் பாப்பவிச் சென்ட் க்ராய்க்கே போய் அவரோடு சில நாள் இருந்தார், இருவரும் கடலில் நீந்தினார்கள். அந்த உறவு கோச், ஆட்டக்காரர் என்ற அளவில் நிற்கவில்லை. திட்டு அங்கே திட்டாக மட்டும் இருக்கவில்லை.

டங்கனுக்கு உணர்ச்சியே இல்லை என்பதும் தவறு. ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன், நடுவர் கையிலிருந்து பந்தை வாங்கி, நெஞ்சோடு இரு கையாலும் கட்டிக்கொண்டு நிற்பார். கண் மூடியிருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இதைச் செய்வார். 2007 ஏப்ரலில் டல்லாஸ் ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார் என்பதற்காக நடுவர் ஜோயி க்ராஃபோர்ட் அவரை வெளியேற்றினார். சத்தம் போட்டதற்கோ அடித்ததற்கோ இல்லை, சிரித்ததற்கு. அந்த சீசன் முடியும்வரை லீக் அந்த நடுவரை நிறுத்திவைத்தது. உணர்ச்சியே காட்டாதவர் என்று பேர் வாங்கியவருக்கு நடந்தது இது.

தடுப்பாட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வீடியோவில் முதலில் காணாமல் போவது அதுதான். எதிராளி உள்ளே பாய்ந்து வரும்போது பெரும்பாலான உயரமானவர்கள் முந்திக்கொண்டு எகிறுவார்கள். டங்கன் எகிற மாட்டார். கையைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார். பந்து எதிராளி கையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் விரல்நுனியால் தட்டுவார். அதையும் கூட்டத்துக்குள் அறைந்து அனுப்ப மாட்டார். மெதுவாக மேலே தட்டித் தானே பிடிப்பார், அல்லது தன் ஆள் பக்கம் விழ வைப்பார். வெளியே அறைந்தால் கைதட்டல் கிடைக்கும், பந்து எதிரணிக்கே திரும்பிப் போகும். டங்கன் தட்டினால் பந்து ஸ்பர்ஸுக்கு. லீக்கின் சிறந்த தடுப்பாட்ட அணியில் 15 முறை இடம்பிடித்திருக்கிறார், வேறு யாரும் இத்தனை முறை இல்லை. ஆனால் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது ஒரு முறைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை.

குறைகளும் உண்டு. எதிராளி தவறு செய்தால் யாரும் தடுக்காமல் அடிக்கக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் அவர் வாழ்நாள் சராசரி 70 சதவீதத்தை ஒட்டித்தான். அதற்காக எத்தனையோ முறை பாணியை மாற்றிப் பார்த்தார். ஒலிம்பிக்கும் சரிப்பட்டு வரவில்லை. 2004 ஏதென்ஸில் வெண்கலத்தோடு திரும்பினார்.

உச்சம் 2003. அந்த ஆண்டு அரையிறுதிக்கு முந்தைய சுற்றில், தொடர்ந்து மூன்று பட்டம் வென்றிருந்த லேக்கர்ஸை ஆறாவது ஆட்டத்தில் 37 புள்ளி, 16 ரீபவுண்டோடு வெளியே அனுப்பினார். பிறகு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், ஜூன் 15, நியூஜெர்ஸி நெட்ஸ். நான்காம் கால்பகுதியில் ஸ்பர்ஸ் பின்தங்கியிருந்தது. அங்கிருந்து நெட்ஸுக்கு ஒன்றும் கொடுக்காமல் தொடர்ச்சியாக 19 புள்ளி எடுத்தது. டங்கன் கணக்கு: 21 புள்ளி, 20 ரீபவுண்டு, 10 அசிஸ்ட் (மற்றவர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்), 8 பிளாக். இன்னும் இரண்டு பிளாக் இருந்திருந்தால் நான்கிலும் இரட்டை இலக்கம். இறுதித் தொடரில் அதை இதுவரை யாரும் தொட்டதில்லை. ராபின்சனுக்கு அது கடைசி ஆட்டம். 17 ரீபவுண்டு எடுத்துவிட்டுப் பட்டத்தோடு விடைபெற்றார்.

அடுத்த ஆண்டு லேக்கர்ஸ் பழிதீர்த்தது. டங்கன் ஷக்கீல் ஓநீல் தலைக்கு மேலே, விழுந்துகொண்டே அடித்த ஷாட் உள்ளே போனபோது மிச்சம் 0.4 வினாடி. அந்த 0.4 வினாடியில் டெரெக் ஃபிஷர் பந்தை வாங்கி அடித்து ஜெயித்துவிட்டார். டங்கனின் ஷாட்டை இன்று யாரும் பேசுவதில்லை. 2005-ல் டெட்ராய்ட்டை ஏழு ஆட்டத்தில் வென்றதும், 2007-ல் லெப்ரானின் கிளீவ்லாந்தை 4-0 என வென்றதும் தெரிந்த கதை.

எனக்கு 2003-ஐவிட நெருக்கமானது கடைசிப் பகுதி. வயது ஏறியது, முழங்கால் தேய்ந்தது. 2012-ல் ஓர் ஆட்டத்துக்கு அவருக்கு ஓய்வு கொடுத்தபோது, ஆடாததற்குக் காரணம் என்ற இடத்தில் 'வயதானவர்' என்றே ஸ்பர்ஸ் எழுதிக் கொடுத்தது. அதே ஆண்டு, முந்தைய சீசனில் 2 கோடி டாலருக்கு மேல் வாங்கிய சம்பளத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மிச்சத்தில் மற்றவர்களை வைத்துக்கொள்ள முடிந்தது. எடையைக் குறைத்தார். 2013-ல் மறுபடியும் இறுதித் தொடர், எதிரணி அப்போது லெப்ரான் ஆடிய மயாமி.

அந்த ஆறாவது ஆட்டம் நம் ஊரில் காலை நேரம். வேலைக்குக் கிளம்ப வேண்டியவன் பையைத் தோளில் மாட்டியபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொடரில் ஸ்பர்ஸ் 3-2 முன்னிலை. 37 வயது டங்கன் முதல் பாதியில் மட்டும் 25 புள்ளி போட்டார். 28 வினாடி மிச்சமிருக்க, ஐந்து புள்ளி முன்னிலை. கோப்பை கொடுக்க மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மயாமி மூன்று புள்ளி ஷாட்டுக்குத்தான் போகும், வேகமாக ஓடித் தடுப்பவர்கள் வேண்டும் என்று பாப்பவிச் டங்கனை பெஞ்சில் உட்கார வைத்தார். லெப்ரான் ஒரு மூன்று புள்ளி ஷாட் போட்டார், ஸ்பர்ஸ் ஒரு ஃப்ரீ த்ரோ போட்டது, முன்னிலை மூன்று புள்ளி ஆனது. அடுத்து லெப்ரான் அடித்தது தவறியது. ரீபவுண்டை கிறிஸ் பாஷ் பிடித்தார். அந்த இடத்தில் டங்கன் நின்றிருந்தால்? பந்து மூலையில் இருந்த ரே ஆலனுக்குப் போனது. 5.2 வினாடி மிச்சம், ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் மயாமி ஜெயித்தது.

ஏழாவது ஆட்டம் இன்னும் கொடுமை. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், இரண்டு புள்ளி பின்தங்கல். டங்கன் கூடைக்குப் பக்கத்தில், தன்னைவிடக் குட்டையான ஷேன் பேட்டியருக்கு மேலே, வாழ்நாளில் ஆயிரம் முறை போட்டிருக்கும் ஒரு ஷாட்டை விட்டார். வெளியே. திரும்ப வந்த பந்தைத் தட்டினார். அதுவும் வெளியே. தடுக்கத் திரும்பி ஓடியவர் குனிந்து இரண்டு கையாலும் தரையை ஓங்கி அறைந்தார். உணர்ச்சியே இல்லாதவர் என்று யாராவது சொன்னால் அந்த அறையைப் பார்க்கச் சொல்வேன்.

பெஞ்சில் உட்கார வைத்த முடிவைப் பற்றி டங்கன் பொதுவெளியில் கோச்சைக் குறை சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அதே ஆட்கள் திரும்பி வந்தார்கள். 2014-ல் மேற்குப் பிரிவை வென்ற இரவில், இன்னும் நாலு வெற்றி வேண்டும், இந்த முறை முடித்துவிடுவோம் என்று கேமரா முன்னால் சொன்னார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே அபூர்வம். அதே மயாமியை 4-1 என அடித்தார்கள். யாரும் பந்தைக் கையில் வைத்திருக்காத ஆட்டம் அது. பாஸ், பாஸ், இன்னொரு பாஸ், அப்புறம் காலியாக நிற்பவர் ஷாட். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது 22 வயது கவாய் லெனர்டுக்குப் போனது. ஒரு காலத்தில் ராபின்சன் விட்டுக்கொடுத்த மாதிரியே டங்கனும் விட்டுக்கொடுத்தார். பட்டம் வென்ற தேதி ஜூன் 15. 2003-லும் அதே தேதிதான்.

2016-ல் 67 வெற்றி எடுத்த சீசனுக்குப் பிறகு, ஜூலை 11 அன்று ஓய்வுபெற்றார். ஊர் ஊராகப் பிரியாவிடை கிடையாது, பேட்டியும் கிடையாது. கிளப் ஓர் அறிக்கை விட்டது, அவ்வளவுதான். மறுநாள் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து பேசியவர் பாப்பவிச். டங்கன் முகம் போட்ட டி-ஷர்ட் அணிந்திருந்தார், அடிக்கடி குரல் உடைந்தது. ஓய்வுக்குப் பிறகு டங்கன் 2019-20-ல் ஒரு சீசன் உதவி கோச்சாக இருந்தார். கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் 2020-ஆம் ஆண்டு வரிசையில், மறைந்த கோபியோடும் கெவின் கார்னெட்டோடும் அவர் பெயர் சேர்ந்தது.

2017 செப்டம்பரில் இர்மா புயல் வர்ஜின் தீவுகளைத் தாக்கியபோது பேசாத மனிதர் பேசினார். ஹ்யூகோவை நினைவுகூர்ந்து, எங்கள் தீவுகளை மறந்துவிடாதீர்கள் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். கையிலிருந்து இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தார், பத்து லட்சம் டாலர் வரை மற்றவர்கள் தருவதற்கு ஈடாகத் தானும் தருவதாகச் சொன்னார், உணவுப் பொருள் ஏற்றிய விமானத்தோடு சென்ட் க்ராயில் போய் இறங்கினார்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். 2003 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். பந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாம். 21-ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். எதிரணி பந்தோடு வரும்போது அவர் எங்கே நிற்கிறார், பந்து இல்லாத நேரத்தில் யாருக்கு வழி செய்கிறார், ரீபவுண்டுக்கு எப்போது திரும்புகிறார் என்று கவனியுங்கள். பார்த்து முடித்ததும் 2013 ஏழாவது ஆட்டத்தின் கடைசி ஒரு நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள்.